லோயிஸ் வெபர்: எழுதியவரே இயக்கிய காலம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஹாலிவுட்டின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் கிரிஃபித், டிமில், சாப்ளின் என்று இயக்குநர்களின் பெயர்கள் வரிசையாக வரும். அவர்கள் வேலை செய்த அதே ஆண்டுகளில், கிரிஃபித்துக்கும் டிமிலுக்கும் சமமாகப் பத்திரிகைகள் பேசிய ஒரு பெண் இருந்தார். கதை எழுதினார், நடித்தார், இயக்கினார், படத்தொகுப்பிலும் உட்கார்ந்தார், சொந்தமாக ஸ்டூடியோவும் வைத்தார். பெயர் லோயிஸ் வெபர். அவரைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் யார் இவர்?

1879 ஜூன் 13 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் அலெகெனி நகரத்தில் பிறந்தவர். அந்த ஊர் இன்று பிட்ஸ்பர்க்கின் ஒரு பகுதி. மௌனப்பட காலத்தில், ஏறத்தாழ 1911 முதல் 1927 வரை, அமெரிக்காவில் தொடர்ந்து படம் எடுத்தார். பேசும்பட காலத்தில் ஒரே ஒரு படம். 1939 நவம்பர் 13 அன்று ஹாலிவுட்டில் இறந்தார். வறுமை, கருத்தடை, மரண தண்டனை, போதைப்பழக்கம், ஆசிரியர்களின் அற்பச் சம்பளம் என்று அன்றைய சினிமா தொடத் தயங்கிய விஷயங்களைத் திரைக்குக் கொண்டுவந்தவர்.

உலகின் முதல் பெண் இயக்குநர் இவர்தானா?

இல்லை. பிரான்ஸில் ஆலிஸ் கி 1896 வாக்கிலேயே படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். முழுநீளப் படம் இயக்கிய முதல் அமெரிக்கப் பெண் என்ற இடம்தான் வெபருக்கு. 1914இல் வந்த 'தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' அந்தப் படம், ஷேக்ஸ்பியர் நாடகம். நான்கு ரீல் (ஒரு ரீல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும்). அவரே போர்ஷியாவாக நடித்தார், கணவர் ஷைலாக். பிரதி இன்று இல்லை.

இந்த இரண்டு பெண்களின் பாதையும் ஒருமுறை குறுக்கிட்டது. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

சினிமாவுக்கு எப்படி வந்தார்?

நேர்வழியில் வரவில்லை. சின்ன வயதில் பியானோவில் கெட்டிக்காரர், ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தவர். தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு கச்சேரி. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பியானோவின் கட்டை ஒன்று உடைந்து கையோடு வந்துவிட்டது. அத்தோடு மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் தைரியம் போய்விட்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

குடும்பம் மிகுந்த பக்தியுள்ள கிறிஸ்தவக் குடும்பம். அவரும் 'சர்ச் ஆர்மி' என்ற ஊழிய அமைப்பில் சேர்ந்து தெருமுனைகளில் ஆர்கன் வாசித்துப் பாடல் பாடினார். ஏழைகள் வாழும் சந்துகளையும் உடலை விற்று வாழ வேண்டிய பெண்களையும் பக்கத்தில் இருந்து பார்த்தது அப்போதுதான். பின்னாளில் அவர் படங்களில் வரும் கிழிந்த கம்பளமும் ஓட்டை விழுந்த செருப்பும் யாரோ சொல்லக் கேட்டு வந்தவை அல்ல என்று நான் நம்புவதற்கு இந்த ஆண்டுகளே காரணம்.

அப்புறம் நாடகம். 1904இல் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கே மேடை நிர்வாகியும் நடிகருமான ஃபிலிப்ஸ் ஸ்மாலியைச் சந்தித்து அதே ஆண்டு திருமணம் செய்துகொண்டார். 1908 வாக்கில் நியூயார்க்கில் கோமோன் என்ற பிரெஞ்சுத் திரைப்பட நிறுவனத்தின் கிளையில் வேலை கிடைத்தது. ஆலிஸ் கியின் கணவர் ஹெர்பர்ட் பிளாஷே பார்த்துக்கொண்ட இடம் அது. கிராமபோன் ஒலித்தட்டோடு சேர்த்து ஓட்டும் 'குரோனோஃபோன்' குறும்படங்களை அங்கே தயாரித்தார்கள். பேசும்படம் வருவதற்கு இருபது வருடம் முன்னாலேயே ஒலியோடு படம் எடுத்தவர் வெபர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எழுதுவதையும் இயக்குவதையும் அவர் கற்றது இங்கேதான்.

அங்கிருந்து எட்வின் எஸ். போர்ட்டரின் ரெக்ஸ் கம்பெனி. 1912இல் ரெக்ஸ் உட்படப் பல சிறு கம்பெனிகள் ஒன்றாகி யுனிவர்சல் பிறந்தது. போர்ட்டர் விலகியதும் ரெக்ஸ் பெயரில் வந்த படங்களின் பொறுப்பு வெபர் தம்பதியிடம் வந்து சேர்ந்தது.

வசனமே இல்லாத படத்துக்குத் திரைக்கதை எழுத என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. ரெக்ஸ் காலத்தில் ஒரு படம் ஒரு ரீல்தான், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் கதை எழுதிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்துக்குள் ஒரு குடும்பத்தை அறிமுகம் செய்து, சிக்கலில் மாட்டி, வெளியே கொண்டுவர வேண்டும். பேச்சு கிடையாது. திரையில் எழுத்து அட்டை வைக்கலாம், ஆனால் அட்டை அதிகமானால் படம் புத்தகம் மாதிரி ஆகிவிடும். ஆகவே எந்தப் பொருள் எந்த இடத்தில் கண்ணில் பட வேண்டும், யார் யாரைப் பார்க்க வேண்டும், எதை யார் பார்க்காமல் விட வேண்டும் என்பதையெல்லாம் எழுத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

வெபரின் பலம் இங்கேதான். பசி என்று அட்டையில் எழுத மாட்டார், பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலைக் காட்டுவார். எழுதியவரே கேமராவுக்குப் பின்னாலும் நின்றதால் தாளில் இருந்த எண்ணம் திரைக்குப் போகும் வழியில் சிதறவில்லை. அவருடைய தொழில் வாழ்க்கையை உயர்த்தியதும் இதுதான், கடைசியில் முடக்கியதும் இதுதான் என்பது என் கருத்து. ஏன் என்று கீழே வரும்.

உண்மையில் இயக்கியது கணவர்தான் என்கிறார்களே?

ஆரம்பத்தில் 'ஸ்மாலி தம்பதி' என்று இருவர் பெயரும் சேர்ந்தே வந்தது. அதனால் வந்த குழப்பம். அந்தக் கால சினிமாப் பத்திரிகைக்காரர்கள் படப்பிடிப்பைப் பார்க்கப் போய் எழுதிய குறிப்புகளிலேயே, எது சந்தேகம் என்றாலும் ஸ்மாலி மனைவியிடம்தான் வந்து கேட்கிறார் என்பது தெரிகிறது. 1910களின் பிற்பகுதியில் வெபரின் பெயர் தனியாகவே வரத் தொடங்கியது. 1922இல் விவாகரத்து. அதற்குப் பிறகு வெபர் படங்களை இயக்கினார், ஸ்மாலிக்குக் கிடைத்தது சின்னச் சின்ன வேடங்கள். இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா?

'சஸ்பென்ஸ்' படத்தில் அப்படி என்ன விசேஷம்?

1913இல் வந்த ஒரு ரீல் படம். ஊருக்கு வெளியே தனி வீடு. வேலைக்காரி ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, சாவியை மிதியடிக்குக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். உள்ளே கைக்குழந்தையோடு மனைவி தனியாக. அந்த வேடத்தில் வெபரே நடித்தார். ஒரு நாடோடி வீட்டைச் சுற்றி வருகிறான். அவள் கணவனுக்குத் தொலைபேசியில் பேசுகிறாள், அவன் யாருடைய காரையோ எடுத்துக்கொண்டு பறக்கிறான், காரைப் பறிகொடுத்தவரும் போலீசும் அவனைத் துரத்துகிறார்கள்.

கதை புதிதல்ல. தொலைபேசியில் மனைவியின் ஆபத்தைக் கேட்கும் கணவன் பற்றி பிரெஞ்சு நாடகம் ஒன்று இருந்தது, கிரிஃபித்தும் அதே போன்ற கதையைப் படமாக்கியிருந்தார். வெபர் செய்தது வேறு. திரையை மூன்று முக்கோணங்களாகப் பிரித்தார். நடுவில் தொலைபேசியில் கணவன், ஒரு மூலையில் மனைவி, மறு மூலையில் சாவியைத் தேடி எடுக்கும் நாடோடி. மூன்று இடங்களில் ஒரே நொடியில் நடப்பது ஒரே ஃபிரேமுக்குள் தெரிகிறது. இன்னொரு இடத்தில் மாடி ஜன்னலில் இருந்து அவள் கீழே எட்டிப் பார்க்கிறாள், கேமராவும் செங்குத்தாகக் கீழே பார்க்கிறது, நாடோடி நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறான். முதுகுத்தண்டு சில்லிட்டுவிடும். துரத்தி வரும் போலீஸ் காரை, முன்னே போகும் காரின் கண்ணாடியில் காட்டுகிற ஷாட்டும் இருக்கிறது. கேமரா பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்று மேடையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

'ஹிப்போகிரிட்ஸ்' ஏன் தடை செய்யப்பட்டது?

'வேடதாரிகள்' என்று சொல்லலாம். யுனிவர்சலில் இருந்து பாஸ்வொர்த் கம்பெனிக்கு மாறியபோது எழுதி இயக்கிய படம், 1915இல் வெளிவந்தது. இடைக்காலத் துறவி ஒருவர் 'உண்மை'க்குச் சிலை வடிக்கிறார். சிலை ஆடையில்லாத பெண்ணாக இருப்பதைக் கண்ட ஊர்க்கூட்டம் அவரைக் கொன்றுவிடுகிறது. அதே நடிகர் நிகழ்காலக் கதையில் ஒரு பாதிரியாராக வருகிறார். 'உண்மை' என்ற அந்தப் பெண் உயிரோடு எழுந்து, கையில் கண்ணாடியுடன் அரசியல்வாதி, பணக்காரர், காதலர் என்று ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் முகத்தைக் காட்டுகிறாள்.

மார்கரெட் எட்வர்ட்ஸ் என்ற நடிகை இந்த வேடத்தில் நிஜமாகவே ஆடையின்றி நடித்தார். இரட்டைப் பதிவு உத்தியால் உருவம் புகை மாதிரி ஊடுருவித் தெரிகிறது. காமத்தைத் தூண்டும் நோக்கம் அதில் துளியும் இல்லை. ஆனாலும் ஒஹையோ மாநிலம் தடை விதித்தது. பாஸ்டன் மேயர் அந்த உருவத்துக்கு ஃபிரேம் ஃபிரேமாக உடை வரைந்து காட்ட வேண்டும் என்று கேட்டார். ஆடையில்லாத சிலையைப் பார்த்துப் பொங்கும் கூட்டத்தைப் படத்துக்குள் காட்டிய வெபருக்கு, அதே கூட்டம் வெளியேயும் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு சட்டப் பின்னணி தெரிந்திருப்பது நல்லது. 1915இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சினிமா வெறும் வியாபாரம், பேச்சுரிமையின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தது. 1952 வரை அதுதான் நிலைமை. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு நகரமும் இஷ்டம்போல் வெட்டலாம், தடுக்கலாம். வெபர் தன் முக்கியமான படங்கள் அத்தனையையும் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் எடுத்தார்.

கருத்தடையைப் பற்றியுமா படம் எடுத்தார்?

இரண்டு எடுத்தார். கருத்தடை பற்றிய தகவலைத் தபாலில் அனுப்புவதே 1873ஆம் ஆண்டு காம்ஸ்டாக் சட்டப்படி குற்றமாக இருந்த நாட்டில்.

முதலாவது 1916இல் வந்த 'வேர் ஆர் மை சில்ட்ரன்?' ('என் குழந்தைகள் எங்கே?'). அரசு வழக்கறிஞர் ஒருவர் குழந்தைக்காக ஏங்குகிறார். மனைவியோ அவருக்குத் தெரியாமல் கருக்கலைப்பு செய்துகொண்டே வருகிறாள். அவர்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணியின் மகள் கருக்கலைப்பில் இறந்துபோக, மருத்துவர் மீது வழக்கு. மருத்துவரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டும் வழக்கறிஞர் அதில் தன் மனைவியின் பெயரைப் பார்க்கிறார். கடைசிக் காட்சியில் வயதாகிப்போன இருவரும் கணப்படுப்பின் முன் உட்கார்ந்திருக்க, பிறக்காத குழந்தைகள் நிழலாக வந்து அவர்களைச் சுற்றி நிற்கிறார்கள். பென்சில்வேனியாவில் தடை, மற்ற இடங்களில் திருவிழாக் கூட்டம். அந்த ஆண்டு யுனிவர்சலுக்கு மிகுந்த வசூலைத் தந்த படங்களில் இது முன்னணியில் இருந்தது.

இந்தப் படத்தைப் புகழும்போது நான் ஒரு விஷயத்தை விட்டுவிட விரும்பவில்லை. ஏழைகள் குறைவாகப் பெற வேண்டும், வசதியான வெள்ளையர்கள் தாராளமாகப் பெற வேண்டும் என்ற இனமேம்பாட்டு வாதம் படத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. அன்று படித்தவர்கள் பலர் அதை அறிவியல் என்று நம்பினார்கள், வெபரும் நம்பினார். தவறான நம்பிக்கைதான். கருத்தடையை ஆதரித்து, கருக்கலைப்பை எதிர்த்து, இந்த வாதத்தையும் சேர்த்துக் குழைத்ததால் படம் இன்று பார்க்கும்போது நெருடுகிறது.

இரண்டாவது 1917இல். கருத்தடைப் பிரச்சாரகர் மார்கரெட் சாங்கர் 1916இல் புரூக்ளினில் மருத்துவமனை திறந்து கைதான செய்தி நாடெங்கும் பேசப்பட்ட நேரம். சாங்கரை நினைவூட்டும் பாத்திரத்தில் வெபரே நடித்தார். நியூயார்க்கில் தடுத்தார்கள். படத்தின் பிரதி கிடைக்கவில்லை.

'ஷூஸ்' படத்தை எல்லோரும் உயர்த்திப் பேசுகிறார்களே?

அவருடைய படங்களில் ஒன்றே ஒன்றைக் காப்பாற்றலாம் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். சரி, கொஞ்சம் யோசிப்பேன், 'தி பிளாட்' படமும் இருக்கிறதே.

1916. ஈவா என்ற பெண் மலிவு விலைச் சாமான் கடையில் நாள் முழுக்க நின்று விற்பனை செய்கிறாள். அப்பா வேலைக்குப் போகாமல் படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கிறார். அம்மா, மூன்று தங்கைகள் எல்லோருக்கும் சோறு ஈவாவின் சம்பளத்தில்தான். அவளுடைய ஷூவின் அடிப்பகுதி பிய்ந்துவிட்டது. அட்டையை வெட்டி உள்ளே வைத்துக்கொள்கிறாள், மழையில் அட்டை கூழாகிறது. ஒவ்வொரு வாரமும் புது ஷூ வாங்கலாம் என்று அம்மா சொல்கிறாள், ஒவ்வொரு வாரமும் மளிகைக் கடன் அந்தப் பணத்தைத் தின்றுவிடுகிறது. கடைசியில் ஒருவனோடு ஒரு ராத்திரி போய்விட்டு வருகிறாள். காலில் புது ஷூ. அதைப் பார்த்த மாத்திரத்தில் அம்மாவுக்குப் புரிந்துவிடுகிறது. அப்போது அப்பா வந்து, தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்கிறார்.

படம் முழுக்கக் கேமரா கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. காலில் ஏறிய சிராயை ஈவா பிடுங்குவது, ஈரக் காலைத் துடைப்பது, கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷூவைப் பார்ப்பது. அந்தப் பெண்ணாக நடித்த மேரி மெக்லாரனுக்கு அப்போது பதினாறு வயது. துணை நடிகைகள் கூட்டத்தில் நின்றவரை வெபர் கண்டுபிடித்துக் கதாநாயகியாக்கினார். சமூகசேவகர் ஜேன் ஆடம்ஸின் நூலில் வரும் ஒரு கடைப் பணிப்பெண்ணின் நிலையில் இருந்து பிறந்த சிறுகதை இதற்கு மூலம்.

எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. பேசும்படம் வந்தபின், 1932இல், யுனிவர்சல் இந்தப் படத்தையே வெட்டிச் சுருக்கி, மேலே கேலிப் பேச்சைச் சேர்த்து ஒரு நகைச்சுவைத் துணுக்காக வெளியிட்டது. பதினாறு வருடத்தில் ஒரு கலைப்படைப்பு கிண்டலாக மாறியது. நெதர்லாந்தின் திரைப்படக் காப்பகமான ஐ ஃபிலிம் நிறுவனம் எஞ்சிய பிரதிகளில் இருந்து படத்தை மீட்டபோது அந்தத் துணுக்கும்கூடப் பயன்பட்டது. 2014இல், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'ஷூஸ்' சேர்ந்தது.

இவை எல்லாம் பிரச்சாரப் படங்கள்தானே?

ஆமாம், அவரே மறுத்ததில்லை. தெருமுனையில் பாடியதைத் திரையில் தொடர்கிறேன் என்ற எண்ணம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. மரண தண்டனைக்கு எதிராக 'தி பீப்பிள் வெர்சஸ் ஜான் டோ' எடுத்தார். செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்ற சார்ல்ஸ் ஸ்டீலோவின் நிஜ வழக்கு அதற்குப் பின்னணி. அபின் பழக்கத்தைப் பற்றி ஒரு படம். எல்லாம் ஒரே ஆண்டில், 1916இல். நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா நடித்த ஒரே முழுநீளக் கதைப்படமான 'தி டம்ப் கேர்ள் ஆஃப் போர்டிச்சி'யும் அதே ஆண்டுதான் வெளிவந்தது. எப்படி முடிந்ததோ!

ஆனால் பிரச்சாரத்திலும் தரம் உண்டு. வாதாடும்போது வெபர் சில சமயம் தடுமாறுகிறார். ஒரு பொருளை மட்டும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்போது அவருக்கு இணை இல்லை.

எவ்வளவு சம்பாதித்தார்?

1916இல் யுனிவர்சலில் அதிகச் சம்பளம் வாங்கிய இயக்குநர் அவர். வாரத்துக்கு 5,000 டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டு, ஆண்கள் மட்டுமே இருந்த திரைப்பட இயக்குநர்கள் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1917இல் 'லோயிஸ் வெபர் புரொடக்‌ஷன்ஸ்' தொடங்கி, ஹாலிவுட்டில் சான்டா மோனிக்கா சாலையில் மரமும் புல்வெளியுமாக இருந்த ஒரு பழைய பங்களாவை ஸ்டூடியோ ஆக்கினார். 1920இல் பாரமவுண்டின் தாய் நிறுவனத்தோடு ஒப்பந்தம்: படத்துக்கு 50,000 டாலர், கூடவே லாபத்தில் பங்கு.

'தி பிளாட்' எதைப் பற்றிய படம்?

1921. 'களங்கம்' என்று பொருள் சொல்லலாம். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், அவர் மனைவி, நூலகத்தில் வேலை பார்க்கும் மகள் அமீலியா. படிப்பு உண்டு, மரியாதை உண்டு, வீட்டில் சாப்பாடு மட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் ஷூ தயாரித்து நன்றாகச் சம்பாதிக்கும் குடும்பம். அமீலியாவை விரும்பும் பணக்கார மாணவன் ஒருவன் அவர்கள் வீட்டுக்கு வரும்போதுதான், தன் பேராசிரியர் எப்படி வாழ்கிறார் என்று முதல்முறையாகப் பார்க்கிறான்.

அமீலியாவுக்கு உடம்பு சரியில்லை, சத்தான உணவு வேண்டும் என்கிறார் மருத்துவர். பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலில் கோழி தெரிகிறது. அம்மாவின் கை அதை எடுத்துவிடுகிறது. எடுத்த கணமே கூசிப்போய்த் திருப்பி வைத்துவிடுகிறாள். மகள் பார்த்தது எடுத்ததை மட்டும், திருப்பி வைத்ததைப் பார்க்கவில்லை. முன்னால் சொன்னேன் அல்லவா, யார் எதைப் பார்க்காமல் விட வேண்டும் என்பதை எழுதுவது என்று? இந்தக் காட்சிதான் அதற்குப் பாடம். அட்டையில் ஒரு வாக்கியமும் தேவைப்படவில்லை.

நிஜ வீடுகளிலேயே படமாக்கினார். நைந்த கம்பளம், பிரிந்துபோன நாற்காலி உறை, விருந்தாளிக்குக் கொடுக்கும் தேநீர் என்று எல்லாவற்றையும் அருகில் போய்க் காட்டுகிறார். பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் பேராசிரியர் வீட்டுப் பூனை தின்னப் பார்க்கிறது, அதைக்கூட அந்த வீட்டுக்காரி தடுக்கிறாள். படம் மகிழ்ச்சியாக முடிந்தாலும், அமீலியாவை மனதில் வைத்திருந்த ஏழைப் பாதிரியார் தனியாக இருட்டில் நடந்து போவதுதான் கடைசியாக மனதில் நிற்கிறது.

இவ்வளவு உயரத்தில் இருந்தவர் எப்படிச் சரிந்தார்?

ரசிகர்களின் ரசனை மாறியது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். பாதி உண்மை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜாஸ் யுகத்தில் உபதேசத்துக்கு மவுசு குறைந்தது. பாரமவுண்ட் ஒப்பந்தத்தைத் தொடரவில்லை, 'தி பிளாட்' ஒரு சின்ன விநியோகஸ்தர் மூலம் வெளியாக வேண்டியிருந்தது. அவருடைய கம்பெனி நின்றது. திருமணமும் முறிந்தது.

மீதிப் பாதியை நான் முக்கியமாக நினைக்கிறேன். 1920களில் பெரிய ஸ்டூடியோக்கள் வங்கிப் பணத்தோடு திரையரங்குகளையும் வாங்கிக் குவித்தன. சொந்தமாகப் படம் எடுத்தவர்களுக்குத் திரை கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. ஸ்டூடியோவுக்குள்ளும் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், அட்டை எழுத ஒருவர், இயக்க ஒருவர், மேற்பார்வைக்குத் தயாரிப்பாளர் என்று வேலை துண்டு துண்டாகப் பிரிந்தது. தாளில் இருந்து திரைவரை ஒரே கையால் நெய்தவருக்கு அந்த ஏற்பாட்டில் இடம் எங்கே? அவர் மட்டும் பாதிக்கப்படவில்லை. 1910களில் யுனிவர்சலில் மட்டும் 11 பெண்கள் இயக்கியிருக்கிறார்கள். 1920களின் இறுதியில் பெரிய ஸ்டூடியோக்களில் நிலைத்து நின்ற பெண் இயக்குநர் டாரதி ஆர்ஸ்னர் ஒருவர்தான். பதினொரு பேரின் திறமையும் ஒரே சமயத்தில் வற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்குப் பிறகு படமே எடுக்கவில்லையா?

எடுத்தார். 1926இல் யுனிவர்சலுக்குத் திரும்பி 'தி மேரேஜ் கிளாஸ்', 1927இல் 'சென்சேஷன் சீக்கர்ஸ்'. நடிகை பில்லி டவ் புகழ்பெற இந்தப் படங்கள் உதவின. அதே ஆண்டு டிமில் கம்பெனிக்கு ஒரு படம். 1926இல் முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவரை மறுமணம் செய்துகொண்டு கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டத்தில் வாழ்ந்தார். பேசும்படம் ஒன்றே ஒன்று, 1934இல் 'ஒயிட் ஹீட்'. ஹவாயின் கவாய் தீவுக் கரும்புத் தோட்டத்தில் எடுத்தது. அதுவும் தொலைந்துவிட்டது. இடையில் யுனிவர்சலில் மற்றவர்களின் திரைக்கதையைத் திருத்துவதும் புதுமுகங்களுக்குச் சோதனைப் படப்பிடிப்பு நடத்துவதுமாக வேலை பார்த்தார்.

கடைசிக் காலம்?

கையில் பணமில்லை. வயிற்றுப் புண்ணில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அறுபது வயதில் இறந்தார். இறுதிச் சடங்குச் செலவை ஏற்றவர் ஃபிரான்சஸ் மேரியன். 1914–15இல் பாஸ்வொர்த் ஸ்டூடியோவில் வெபரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்ற அதே மேரியன், பிற்பாடு எழுத்துக்காக இரண்டு ஆஸ்கர் வாங்கினார். சினிமா வரலாற்றில் எனக்குப் பிடித்த குரு-சிஷ்யை ஜோடி இது.

வெபர் தன் வாழ்க்கைக் கதையையும் எழுதி வைத்திருந்தார். தங்கை எவ்வளவோ முயன்றும் அச்சாகவில்லை. 1970களில் கையெழுத்துப் பிரதி திருடுபோய்விட்டது.

எத்தனை படங்கள் மிச்சம் இருக்கின்றன?

குறும்படங்களையும் சேர்த்து நூற்றுக்கும் மேல் எடுத்திருக்கிறார். தப்பிப் பிழைத்தவை அதில் சிறு பங்குதான், சில படங்கள் துண்டுகளாக மட்டும். அன்றைய நைட்ரேட் ஃபிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், வைத்திருந்தாலே நொறுங்கும். ஸ்டூடியோக்களும் ஓடி முடிந்த மௌனப்படத்தைப் பாதுகாக்க அக்கறை காட்டவில்லை.

எதில் தொடங்கிப் பார்ப்பது?

'சஸ்பென்ஸ்' பத்து நிமிடம்தான், முதலில் அது. அடுத்து 'ஷூஸ்', பிறகு ஒரு விடுமுறை நாளில் 'தி பிளாட்'. இவை பழைய படங்கள் என்பதால் பதிப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே படத்துக்குப் பல பிரதிகள் இருக்கும், மீட்டெடுத்த பிரதியைத் தேடி எடுங்கள். மனிதர்கள் எல்லோரும் பொம்மை மாதிரி விடுவிடுவென்று ஓடினால் அது வேகம் தவறிய பிரதி. மௌனப்படங்களை இன்றைய வேகத்தைவிட மெதுவாகவே பதிவு செய்தார்கள், மாற்றாமல் ஓட்டினால் அப்படித்தான் தெரியும். அதை மூடிவிட்டு வேறு பிரதி பாருங்கள். ஈவா நடக்கும் வேகம் சரியாக இருந்தால்தான் அவள் கால் வலி தெரியும்.